பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தவள்

என் ஆச்சிக்கும் அவளுடைய மூத்த மகனுக்கும் 15 வயதுதான் வித்தியாசம். பெரியப்பாவுக்கு அறுபது நடந்தபோது ஆச்சிக்கு எழுபத்தைந்து. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவர்கள் அக்கா தம்பி என்று நினைப்பார்கள். அப்போது ஆச்சி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நானும் இவனும் சேந்துதான்ட்டி வளந்தோம்." நாங்களும் சிரிப்போம். அந்த வாக்கியத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு இருபது வருடம் பிடித்தது.

ஆச்சிக்குக் கல்யாணம் நடந்தது 1946இல், 14 வயதில். அடுத்த வருடம் பெரியப்பா பிறந்தார். அன்றைய சட்டப்படி அந்தக் கல்யாணத்தில் குற்றம் ஏதுமில்லை. பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதே 14தான்.

பெண்களின் சமூக வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது குழந்தைத் திருமணம் பற்றி ஏராளமாக வாசித்தேன். மசோதாக்கள், எதிர்ப்புக் கூட்டங்கள், சாஸ்திர விளக்கங்கள், கமிட்டி அறிக்கைகள் எல்லாம் இருந்தன. எந்த வயதில் தாலி கட்டலாம், எந்த வயதில் கணவன் தொடலாம் என்பதைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக ஆண்கள் வாதாடியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பதினைந்து வயதுக்காரி இரவில் எப்படித் தூங்கினாள்? பால் கட்டிக்கொண்டு மார்பு நெருப்பாகக் கொதித்தபோது யாரிடம் சொன்னாள்? பிள்ளை ஏன் அழுகிறது என்று தெரியாமல் அவளும் அழுதபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விகளைத்தான் இக்கட்டுரையில் பின்தொடர விரும்புகிறேன்.

நம் ஊரில் இதற்கு இருந்த பழைய பதில் தாய்வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது தமிழ்நாட்டின் பல சாதிகளிலும் வழக்கம். ஏழாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ வளைகாப்பு நடத்திப் பெண்ணை அழைத்துவருவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் புகுந்தவீட்டுக்கு அனுப்புவார்கள். இதை நாம் சடங்காகவும் சீர்செலவாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சிறுமிக்கு இது உண்மையில் ஒரு விடுப்பு. மாமியார் வீட்டு அடுப்பிலிருந்தும் தண்ணீர்க் குடத்திலிருந்தும் கணவனின் படுக்கையிலிருந்தும் அவளுக்குக் கிடைத்த சில மாத விடுதலை அது.

அந்த மாதங்களில் தாய்வீட்டில் நடந்ததெல்லாம் வேலை. சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி சேர்த்துப் பிள்ளைப்பேற்று மருந்து கிண்டுவார்கள். பால் ஊறுவதற்குப் பூண்டும் சுறாப்புட்டும் கொடுப்பார்கள். வேது வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, வயிற்றில் துணி கட்டிவிடுவார்கள். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதில் கிடத்திக் குளிப்பாட்டத் தெரிந்த கிழவி ஒருத்தி தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். 15 வயதுக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வாள். நம் தாலாட்டுகளில் அப்பனைவிடத் தாய்மாமன் அதிகமாக வருவதையும் இதோடு சேர்த்தே யோசிக்கிறேன். முதல் பிள்ளையைத் தாலாட்டியது பெரும்பாலும் அம்மா வீட்டுக் கூரையின் கீழ். பாடுகிறவள் தன் பக்கம் நிற்கிறவர்களின் பெயரைத்தான் பாடியிருக்கிறாள்.

ஆனால் தாய்வீட்டைக் கோயிலாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. தாய் இறந்துபோனவளுக்குத் தாய்வீடு இல்லை. கூலிக்குப் போனால்தான் கஞ்சி என்ற வீடுகளில் ஐந்து மாத ஓய்வும் இல்லை. தாலி இல்லாமல் கருவுற்றவளுக்கு வளைகாப்பு இல்லை, வாசல்கூட இல்லை. தாய்வீட்டுக்குள்ளும் தீட்டு இருந்தது. பிள்ளை பெற்றவள் ஒதுக்கப்பட்ட அறையில் படுக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், வயிறு பெருத்துவிடும் என்று மறுத்த வீடுகள் உண்டு.

அந்தத் தீட்டைக் கையால் தொட்டவள் மருத்துவச்சி. பல ஊர்களில் அவள் நாவிதர் சமூகத்துப் பெண். தாய்கூடத் தள்ளி நின்ற நேரத்தில் சிறுமியின் இடுப்பைப் பிடித்துவிட்டவள், கத்தாதே என்று அதட்டியவள், கடைசியில் தலையைத் தடவிக்கொடுத்தவள் அவள்தான். அவளுக்குக் கூலியாகக் கிடைத்தது நெல்லும் பழைய சேலையும். சாப்பாடு போட்டது கொல்லைப்புறத்தில். இளம் தாய்க்குக் கிடைத்த ஆதரவைப் பற்றிப் பேசும்போது, அந்த ஆதரவு யாருடைய முதுகில் ஏறி நின்றது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இனி சட்டத்தின் கதைக்கு வருவோம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் உடலுறவுக்கான சம்மத வயதை 10 என்று வைத்தது. திருமணத்துக்குள்ளும் அதே 10தான். கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற பத்து, பதினோரு வயதுச் சிறுமி கணவனின் வன்புணர்வால் இரத்தம் பெருகி இறந்தாள். அதன் பிறகு, 1891இல் அந்த வயது 12 ஆக உயர்ந்தது. அந்த விவாதத்தின்போது இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அரசுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தாங்கள் நேரில் பார்த்த குழந்தை மனைவியரின் காயங்களையும் மரணங்களையும் அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். மதம் போய்விடும், குடும்பம் சிதைந்துவிடும் என்ற கூச்சலுக்கு நடுவே சிறுமியின் உடலைப் பற்றிப் பேசிய சில குரல்களில் அதுவும் ஒன்று. ஆயினும் சட்டம் கேட்டது ஒரே கேள்வி: கணவன் எப்போது தொடலாம்? தொட்டதால் தாயானவளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தக் காலத்துப் பதின்வயதுத் தாய்களில் ஒருத்தியை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் அவளைத் தாயாக நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனந்திபாய் ஜோஷி 1865இல் பிறந்தாள். 9 வயதில் திருமணம், 14 வயதில் ஆண்பிள்ளை. தக்க மருத்துவம் கிடைக்காமல் பத்தே நாளில் குழந்தை இறந்தது. அந்தத் துக்கத்திலிருந்துதான் மருத்துவம் படிக்கும் முடிவு பிறந்தது. 1883இல் கப்பலேறி, 1886இல் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றாள். அவள் எழுதிய ஆய்வேடு எதைப் பற்றியது தெரியுமா? இந்துக்களிடையே நிலவிய பிரசவ மருத்துவம் பற்றி. 14 வயதில் தனக்கு நேர்ந்ததை ஏழாண்டு கழித்து ஒரு மருத்துவக் கேள்வியாக மாற்றிக்கொண்டாள் என்றே நான் அதைப் படிக்கிறேன். 22 வயது நிறைவதற்குள், 1887இல், காசநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஆனந்திபாயின் கதையை 'முதல் பெண் மருத்துவர்' என்று பாடப்புத்தகத்தில் முடித்துவிடுகிறோம். அதில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நியூஜெர்சியில் இருந்த தியோடிசியா கார்பென்டர், ஒரு பத்திரிகையில் ஆனந்திபாயின் நிலையைப் பற்றி வாசித்துவிட்டு, முன்பின் தெரியாதவளுக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. ஆனந்திபாய் அவரைத் தன் சித்தியாகவே கருதினாள். அமெரிக்கா சென்றதும் அவர் வீட்டில்தான் முதலில் தங்கினாள். அவள் இறந்த பிறகு அஸ்தியை வாங்கித் தம் குடும்பக் கல்லறை நிலத்தில் வைத்ததும் கார்பென்டர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சிறுமிக்கு, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தாய்வீடு கிடைத்தது.

ருக்மாபாயின் பெயரும் நமக்குத் தெரியும். 11 வயதில் தனக்கு நடந்த திருமணத்தை ஏற்க மறுத்து, 1880களில் பம்பாய் நீதிமன்றத்தில் நின்றவள், பின்னர் மருத்துவரானவள். அவளைப் பெற்றபோது அவள் தாய் ஜெயந்திபாய்க்கு 15 வயது. 17 வயதில் விதவை. அந்தத் தாய்க்கு எங்கும் சிலை இல்லை.

விதவைகள் என்றதும் பூனா நினைவுக்கு வருகிறது. சிறுமியாக இருக்கும்போதே விதவையாகி, வீட்டு ஆண்களாலேயே கருவுற்று, பிள்ளையைக் கொல்லவோ தானே சாகவோ வேண்டிய நிலையில் இருந்த பெண்களுக்காக ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் ஓர் இல்லம் நடத்தினார்கள். யாருக்கும் தெரியாமல் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். விரும்பினால் குழந்தையை அங்கேயே விட்டுப்போகலாம். அங்கே பிறந்த ஒரு பிராமண விதவையின் மகனைத்தான் அவர்கள் யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் இடம் இது. 'எப்படி நடந்தது' என்ற விசாரணையை வாசலில் நிறுத்திவிட்டு, பிரசவத்துக்கு மட்டும் கதவைத் திறந்த வீடு அது.

சென்னைக்கு இந்தக் கதை உரக்க வந்து சேர்ந்தது 1920களில். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் திருமண வயதை உயர்த்தக் கோரியது. சுயமரியாதை இயக்கமும் 'குடிஅரசு' பக்கங்களில் அதற்காக வாதாடியது. சென்னை சட்டமன்றத்துக்குள் அதைக் கொண்டுசென்றவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் இந்தியச் சட்டமன்றம் ஒன்றில் உறுப்பினரான முதல் பெண் அவர். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று திருமண வயதை உயர்த்த வேண்டும் என்ற தீர்மானத்தை 1928இல் கொண்டுவந்தார். சாஸ்திரம் பேசிய ஆண்கள் நடுவே பிரசவ அறையைப் பார்த்தவராக அவர் பேசினார். அதுதான் அவருடைய பலம்.

அதே ஆண்டில் மோரோபந்த் ஜோஷி தலைமையில் சம்மத வயதுக் கமிட்டி அமைந்தது. ராமேஷ்வரி நேரு அதில் உறுப்பினர். சென்னையிலிருந்து ஆற்காடு ராமசாமி முதலியாரும், திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையின் கண்காணிப்பாளரான மருத்துவர் பீடனும் இருந்தார்கள். பருவம் வருமுன் திருமணம், வந்தவுடன் தாய்மை என்ற சங்கிலியை அவர்களின் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. 1929இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அந்த நாள் வருவதற்குள் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குத் தாலி ஏறியது. மீறினால் தண்டனை அதிகபட்சம் ஒரு மாதச் சிறையோ, ஆயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. யாராவது நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தால்தான் வழக்கு. 1949இல் வயது 15 ஆனது, 1978இல்தான் 18 ஆனது.

இந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களுக்கு நான் கடன்பட்டவள். அவர்கள் இல்லாவிட்டால் எனக்கும் 14 வயதில் பிள்ளை பிறந்திருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீர்திருத்தத்தின் பேச்சில் 'குழந்தைத் தாய்' ஓர் ஆதாரம். பலவீனமான பிள்ளையைப் பெறுகிறவள், இனத்தை நலிவடையச் செய்கிறவள், நாட்டின் வெட்கம். அவளை இனி உருவாக்கக் கூடாது என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. ஏற்கெனவே தாயாகிவிட்டவளுக்குப் படிப்பு எப்படி, பணம் எப்படி, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவது எப்படி என்ற கேள்விகள் மேடைக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயமாக மாறியது: பிரசவ இடம். 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும், 1885இல் வந்த கோஷா மருத்துவமனையும், விடுதலைக்குப் பின் வந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும் உயிர்களைக் காப்பாற்றினார்கள். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முழு வளர்ச்சியடையாத இடுப்பெலும்பில் தலை சிக்கி நாள்கணக்கில் வலித்த பிரசவங்களை எந்த மருத்துவச்சியாலும் தீர்க்க முடிந்திருக்காது. இருபதைத் தாண்டிய பெண்களைவிடப் பதின்வயதுத் தாய்களுக்குப் பேறுகால வலிப்பும் தொற்றும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். ஆனால் மருத்துவமனைக்குள் போனபோது, தலையைத் தடவிய கை வெளியே நின்றுவிட்டது. பிரசவ அறைக்குள் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்று தமிழக அரசு பின்னாளில் அனுமதித்தது. தொடர்ந்து ஒருத்தி கூட இருந்தால் வலி நேரம் குறைகிறது, அறுவை சிகிச்சையும் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்வதற்கு முன்பே நம் கிழவிகளுக்கு அது தெரியும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு எண்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கருவுற்றிருப்பவர்கள், 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5.0 விழுக்காடு. 2019-21இல் 6.3 விழுக்காடு. இந்தியா முழுவதும் 7.9இலிருந்து 6.8ஆகக் குறைந்த அதே காலத்தில் நம்மிடம் கூடியிருக்கிறது.

இவர்கள் எல்லோரும் கட்டிவைக்கப்பட்டவர்கள் அல்ல. வீட்டார் சாதி பார்த்து வேறு மாப்பிள்ளை தேடியதால் காதலித்தவனோடு ஓடிப்போனவர்களும் இருக்கிறார்கள். 2012இன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரோடும் உடலுறவைக் குற்றமாக்கியது. 2017இல் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குட்பட்ட மனைவிக்கும் அந்தப் பாதுகாப்பை நீட்டித்தது. புல்மணி தாசிக்கு 128 ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த நீதி என்று அதை நான் வரவேற்றேன். அதே போக்சோ சட்டம், அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் தண்டனை. விளைவாக, 17 வயதுக் கர்ப்பிணிக்கு மருத்துவமனை வாசல் காவல் நிலைய வாசலாகவும் ஆகிவிட்டது. இரத்தசோகை மாத்திரை வாங்கப் போனால் கணவன் சிறைக்குப் போவான் என்று அவள் பயப்படுகிறாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது. பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறவளுக்கு அந்த ஜன்னலும் இல்லை.

தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் அப்படி ஒருத்தியைச் சந்தித்தேன். மடியில் நான்கு மாதக் குழந்தை. அங்கன்வாடி சத்துமாவு கிடைக்கிறதா என்று கேட்டேன். "அம்மா போய் வாங்கிட்டு வருவாங்கக்கா" என்றாள். ஊரில் நடந்த சமுதாய வளைகாப்புக்கு அவள் போகவில்லை, "போட்டோ எடுப்பாங்கன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க." மகப்பேறு உதவித்தொகை? "வயசு பத்தாதாம்." பத்தாம் வகுப்பில் 400க்கு மேல் மதிப்பெண் எடுத்தவள் அவள். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாமே என்றேன். குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "எழுதலாமாக்கா?" என்று கேட்டாள். அதை அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த 'வயசு பத்தாது' என்பதில் வரலாற்றின் கசப்பான ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். 1987இல் 300 ரூபாயில் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்த நல்ல திட்டம். ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் மகப்பேறு திட்டத்திலும் வயது வரம்பு உண்டு. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசுப் பணியிலும் அதுபோன்ற பயன் பெறுகிற வேலைகளிலும் இருப்பவர்களைத் தவிர, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி என்று சொல்கிறது, வயது சொல்லவில்லை. 18 வயதில் ஒருத்தி ஓட்டுப் போடலாம், சட்டப்படி கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். உதவித்தொகை மட்டும் கிடைக்காது. பணம் கொடுத்தால் குழந்தைத் திருமணம் பெருகும் என்று காரணம் சொல்கிறார்கள். 18,000 ரூபாய்க்காக 16 வயதில் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை. தண்டனை தாலி கட்டியவனுக்கும் இல்லை, கட்டிவைத்தவர்களுக்கும் இல்லை. அவளுக்கும், அந்த நான்கு மாதக் குழந்தைக்கும்தான். குழந்தைத் தாய்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்ற பெண்ணின் பெயரால் குழந்தைத் தாய்களை வெளியே நிறுத்துகிறோம்.

குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும் தாயாகிவிட்டவளைத் தாங்குவதும் எதிரெதிர் வேலைகள் அல்ல. முதல் வேலைக்குச் சட்டம் வேண்டும். இரண்டாவதற்குத் தாய்வீடு போன்ற ஒன்று வேண்டும். ஆனால் தாய் இல்லாதவளுக்கும் தாலி இல்லாதவளுக்கும் கதவு திறக்கிற, தீட்டும் சாதியும் இல்லாத தாய்வீடு. பூனாவில் புலேக்கள் அதைக் கட்டிக் காட்டினார்கள். வயது வரம்பை நீக்குவது, பள்ளி திரும்புகிறவளுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், காவல்துறை பயமில்லாமல் பேச ஒரு செவிலியர். கேட்பது இவ்வளவுதான்.

ஆச்சி சாகும் முன் ஒருநாள் பெரியப்பா பிறந்த இரவைப் பற்றிக் கேட்டேன். வலி பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. "பயமா இருந்துச்சு. அவதான் விடிய விடிய என் கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா" என்றாள். மருத்துவச்சியைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அவள் பெயர் என்ன ஆச்சி என்றேன். வெகுநேரம் யோசித்தாள்.

"பேரு யாரு கேட்டா?" என்றாள்.